அவர் பெயரைச் சொன்ன நாள்

எங்கள் வீடு எட்டாவது மாடி. வாசல் நடைபாதையில் நின்றால் கடல் தெரியும், எங்கள் தீவிலிருந்து கடல்மேல் போகிற பாலம் தெரியும். பாலம் போய்ச் சேருகிற அக்கரை மட்டும் எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். புகைக்கூண்டுகள், எண்ணெய்த் தொட்டிகள், பின்னால் ஒரு மலை. அந்த மங்கலுக்குள் எங்கேயோ ஜுரு என்கிற ஊர் இருக்கிறது. ஜுருவில் பழைய கார் விற்கிற இடம் ஒன்று. அதன் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஓர் அறையில் என் வீட்டுக்காரர் இருந்தார். கொரோனாவுக்காக அவசரகாலம் போட்ட வருஷம், துணி காயப்போடுகிற சாக்கில் தினமும் அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்த துணியையே மறுபடி உதறிப் போட்டிருக்கிறேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், நேரம் எடுத்துக்கொண்டு எழுதுவேன். மலாயும் இங்கிலீஷும் பேச வரும், அந்த எழுத்து தெரியாது. முப்பது வருஷம் ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டேன். நான் மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அவர் நாற்பது வருஷம் லோரி ஓட்டியவர். கண் சரியில்லை என்று அதை விட்ட பிறகும் வீட்டில் உட்கார முடியவில்லை. பழக்கமான சீனத் தவுக்கே ஒருவர், அந்தக் கார் கடை முதலாளி, கார்களைக் காவல் காக்க நம்பிக்கையான ஜாகா வேண்டும் என்று கூப்பிட்டார். திங்கள் காலை போவார், வெள்ளி சாயங்காலம் வருவார். வெள்ளிக்கிழமை என்றால் நாலு மணியிலிருந்தே என் காது லிஃப்ட் பக்கம்தான் இருக்கும். எட்டாவது மாடியில் லிஃப்ட் நிற்கிற சத்தம். அப்புறம் அவர் வலது செருப்பை இழுத்து இழுத்து வருகிற சத்தம். அது கேட்ட பிறகுதான் அடுப்பில் மீனைப் போடுவேன். முன்னாலேயே போட்டால் உடைந்துபோகும்.

கொரோனா வந்து முதல் தடவை எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தார்களே, அப்போது அவர் என்னோடு இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அத்தனை நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் பார்த்ததில்லை. குழாய் மாற்றினார், ஜன்னல் கம்பிக்குச் சாயம் அடித்தார், வேலை தீர்ந்த பிறகு என் பின்னாலேயே நடந்து, குழம்பில் புளி போதாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தொந்தரவாக இருக்கிறது என்று கீழ்வீட்டில் போய்ச் சொன்னேன். தொந்தரவாக இல்லை.

அடுத்த வருஷம் பிறந்ததும் மறுபடி கட்டுப்பாடு வருகிறது என்று பேச்சு வந்தது. தவுக்கே போன் போட்டார். கார்கள் சும்மா கிடக்கும், கொஞ்ச நாள் அங்கேயே தங்கி இருக்க முடியுமா என்று கேட்டார்.

"ரெண்டு வாரம்தானே லா," என்றார் இவர், பையில் சட்டையை அடுக்கிக்கொண்டே. "முடிஞ்சதும் வந்துருவேன்."

"போங்க. யாரு வேணாம்னா?" என்றேன்.

இருங்கள் என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

அவர் போன மறுநாள் அவசரகாலம் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருக்கிற பாய்தான் எனக்குப் பேப்பர் படித்துச் சொல்லுவார். மாமன்னர் அறிவித்துவிட்டார், பார்லிமென்ட் கூடாதாம், தேர்தல் கிடையாதாம், மந்திரிகள் எழுதுவதே சட்டமாம் என்றார். மாவட்டம் தாண்டக்கூடாது, தாண்டினால் அபராதம். பாலத்தில் போலீஸ் நிற்கிறது, கடிதம் இல்லாமல் விடாது என்றும் சொன்னார்.

எனக்குப் பயம் வரவில்லை. இந்த வார்த்தை எனக்குப் பழக்கமானது. நான் பிறந்ததே ஓர் அவசரகாலத்தில். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்களாம். ரப்பர் பால்மரம் வெட்டப் போகும்போது அம்மாவின் தூக்குச்சட்டியைக் கேட்டில் திறந்து பார்ப்பார்களாம். என் கல்யாணம் நடந்தது அடுத்த அவசரகாலத்தில், அறுபத்தொன்பது மேயில். இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரடங்கு போட்டிருந்தார்கள். பார்த்து வைத்த முகூர்த்தம் ஊரடங்கு நேரத்தில் விழுந்தது. காலையில் கொஞ்ச நேரம் மட்டும் கடைக்குப் போக விடுவார்கள். குருக்கள் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, அரசாங்கம் திறந்துவிடுகிற நேரம்தான் இன்றைக்கு முகூர்த்தம் என்றார். வந்தவர்கள் பதினொரு பேர். பூ வரவில்லை. சாமிக்குப் போட்ட ஒரே மாலையை நடுவில் அறுத்து, ஆளுக்குப் பாதியாகக் கழுத்தில் போட்டார்கள். தாலி ஏறினதும் எல்லாரும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனோம். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். புதுப்பெண் ஓடுகிறாளே என்று சிரிக்கக்கூட ரோட்டில் ஆளில்லை.

பதிவு பண்ணுகிற ஆபீஸ் மூடியிருந்தது. திறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மாமனார். திறந்தபோது இவர் லோரியோடு கிளந்தான் போயிருந்தார். அப்புறம் மகன் பிறந்தான். அப்புறம் யாருக்கும் அது நினைவில் இல்லை. தாலி இருக்கிறது, ஊருக்குத் தெரியும், இதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

கல்யாணத்தன்று வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தின பிறகு அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். இனிமேல் புருஷன் பெயர் உன் வாயில் வரக்கூடாது, வந்தால் அவருக்கு ஆயுசு குறையும். அதற்கப்புறம் அம்பத்திரண்டு வருஷம் நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கோயில் அர்ச்சனைக்கு அவரே சொல்லிக்கொள்வார். மகன் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது மகனே சொன்னான். அவர் பெயர் முருகனுக்குள்ள பெயர்களில் ஒன்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது கூட்டமே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். நான் மட்டும் சாமியை வேறு பெயரால் கூப்பிட்டுக்கொண்டு ஏறுவேன். முன்னால் ஏறுகிற இவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இவர் ஜுருவில் இருந்த அந்த வருஷம் மலையிலும் கூட்டம் கூடவிடவில்லை. பூசத்தன்று நடைபாதையில் நின்றேன். மலைப் பக்கம் கட்டடம் மறைக்கும், கடல் பக்கம் அவரை மங்கல் மறைக்கும்.

இரண்டு வாரம் மாதமாயிற்று, மாதம் ஐந்தாயிற்று. காலை பத்து மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு."

இதற்குமேல் எங்களுக்குப் போனில் பேசத் தெரியாது. ஆனால் வைக்கவும் மாட்டார். அந்தப் பக்கம் லோரி போகிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நானும் காதில் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்கு லிஃப்ட் நின்றால் இப்போதும் கை மீன் சட்டிக்குப் போகும். பக்கத்து வீட்டுச் சீனப்பெண் பையோடு வருவாள். அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும். அவள் என்ன செய்வாள், பாவம்.

ஒரு நாள் பத்து மணிக்கு வந்த போனில் தவுக்கேயின் குரல். கொச்சை மலாயில், உன் கிழவனின் கால் நாறுகிறது என்றார். கார் பேட்டரி ஒன்று கால்விரலில் விழுந்து மூன்று வாரமாகிவிட்டதாம். என்னிடம் சொல்லாதே என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். இவருக்குச் சர்க்கரை. வீட்டில் சின்னக் கீறல் என்றாலும் நான்தான் கழுவி, காயவைத்து, கட்டுப்போடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தவுக்கே கார் எடுத்தால் ஏறமாட்டேன் என்கிறாராம். இப்போது உள்ளே போனவர்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் அனுப்புகிறார்கள், என் வீட்டுக்காரி பார்க்கட்டும், அவள் போகச் சொன்னால் போகிறேன் என்கிறாராம்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

தனித்தனியாக மாட்டிக்கொண்ட புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம் தருகிறார்கள் என்று பாய் சொல்லியிருந்தார். கவுன்டரில் ஒரு மலாய்ப் பெண் போலீஸ், தலையில் முக்காடு, மூக்கு மறைய முகக்கவசம். என் மகன் வயதில் பாதிகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசியது. கல்யாணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டது. இல்லை என்றேன். தொலைந்ததா? இல்லை, எடுக்கவே இல்லை. அப்படியானால் அவர் உங்கள் கணவர் என்பதற்கு என்ன அத்தாட்சி? தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் அதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நகை யாரும் போடலாமே ஆன்ட்டி என்றது. கேலியாகச் சொல்லவில்லை. பொய்க் கடிதம் காட்டி ஊர் சுற்றுகிறவர்கள் அப்போது நிறைய. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? கல்யாணத்தன்று ஆபீஸை மூடின அரசாங்கம்தான் இப்போது அந்தப் பத்திரத்தைக் கேட்கிறது என்று மலாயில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாலியை உள்ளே போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வழியில் பாய் கடையில் நின்றேன். அழவில்லை. பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அக்கா, மவன் பொறப்புப் பத்திரம் வச்சிருக்கீங்களா? அதுல அப்பா, அம்மா ரெண்டு பேரும் இருக்குமே லா."

மகன் தூரத்தில், ஜொகூரில். ஆனால் அவன் பத்திரம் என் பீரோவில், கல்யாணப் புடவை மடிப்புக்குள் இருந்தது. பாய்க்குச் சாமான் எடுக்க அக்கரை போகக் கடிதம் இருந்தது. நீங்கள் உங்கள் கடிதத்தை வாங்கி வாருங்கள், என் வேனில் ஜுருவில் இறக்கிவிடுகிறேன் என்றார்.

மறுநாள் காலை அதே பெண். பத்திரத்தை வாங்கிப் பார்த்தது, என் ஐசி அடையாள அட்டையைப் பார்த்தது, தாய் பெயரோடு ஒத்துப்பார்த்துத் தலையாட்டியது. அப்பாடா என்று இருந்தது. பத்திரத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு கேட்டது. அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள் கையிலேயே இருக்கிறதே என்றேன். இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் என்றது. பத்திரத்தை யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம் இல்லையா?

எங்கள் வழக்கத்தில் சொல்லக்கூடாது என்று அரைகுறை மலாயில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாத வழக்கம் ஒன்று இருக்குமென்று யார்தான் நம்புவார்கள்? பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒரு மீட்டர் தள்ளி, தரையில் ஒட்டின கோட்டில் ஒரு தமிழ் ஆள் நின்றுகொண்டிருந்தார். நல்ல சட்டை, கையில் கார் சாவி.

"ஆயாவுக்குப் புருஷன் பேரே மறந்துபோச்சு போல லா," என்றார், வரிசையைப் பார்த்து.

இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் பேனா கேட்டேன். சொல்லத்தானே கூடாது, எழுதக்கூடாது என்று அம்மா சொல்லவில்லையே. கவுன்டரில் கிடந்த தாளில் ஒவ்வோர் எழுத்தாக, கோணாமல், தமிழில் எழுதினேன். அந்தப் பெயரை எழுதியதும் அதுதான் முதல் தடவை. எழுதிப் பார்த்தபோது அழகாக இருந்தது. அதை அந்தப் பெண்ணிடம் தள்ளினேன். அது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குத் தமிழ் தெரியாதே ஆன்ட்டி என்றது.

"இங்க கொடுங்க ஆயா, நான் படிச்சிச் சொல்றேன்," என்று அந்த ஆள் கோட்டைத் தாண்டி வந்து கையை நீட்டினார். உதவிதான். அதில் குற்றமில்லை.

ஆனால் அம்பத்திரண்டு வருஷம் நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயர், அந்த வாயிலிருந்து வருவதா? தாளைப் பிடுங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா சொன்ன ஆயுசு ஒரு பக்கம். நாறுகிற கால் ஒரு பக்கம். பெயரைக் காப்பாற்றிக்கொண்டு ஆளை விட்டுவிட்டால் அந்தப் பெயரை வைத்து நான் என்ன செய்வது? நாட்டுக்கு அவசரம் என்று மாமன்னரே இருக்கிற சட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். என் வீட்டுச் சட்டம் ஒன்று. அதை ஒரு நாள் நான் நிறுத்தி வைக்கக்கூடாதா?

முகக்கவசத்தை இறக்கிவிட்டேன். ஒழுங்காகக் கேட்கட்டும் என்றுதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து. மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. கார் சாவிக்காரர் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தப் பெண், முகக்கவசத்தை ஏற்றிக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, தட்டச்சு செய்து, சாப்பா முத்திரை குத்திக் கொடுத்தது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, ஒரு நாள், ஓர் ஆள்.

வேன் பாலத்தில் ஏறியதும் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. எங்கள் கட்டடம் தெரிந்தது. எட்டாவது மாடியில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நாங்களும் மங்கல்தான்.

கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் சாரத்துணி சுற்றியிருந்தது. பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

"எப்படி விட்டான் உன்னய?" என்றார்.

கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்கு மலாய் படிக்கத் தெரியும். தூரத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"என் பேர யாரு சொன்னது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டருகில் கிடந்த நாயைப் பார்த்துப் பேசுவதுபோலச் சொன்னார்.

"போலீஸ்காரிக்குச் சொல்லியிருக்கா. எனக்கு ஒரு தடவ சொல்லக் கூடாதா?"

"ஒங்களுக்கு எதுக்கு? ஒங்க பேரு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று துணியை அவிழ்த்தேன்.

கால்விரல் கறுத்திருந்தது. தோளைக் கொடுத்தேன். எழுந்திருங்கள் என்றேன், எழுந்தார். தவுக்கே காரில் செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் என்னை நிறுத்திவிட்டு அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கர நாற்காலியில் அவர் முதுகு போவதை ஐந்து மணி வரை நின்று பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது எனக்கு. ஆறு மணிக்குள் பாலம் தாண்ட வேண்டும். பாய் வேனோடு வந்து நின்றார். பிறகு அவருக்கு இரண்டு கால்விரலை எடுத்தார்கள். ஆள் தப்பினார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். ஜுருவுக்கு மறுபடி போகவில்லை. லிஃப்ட் நின்ற பிறகு வருகிற சத்தம் மட்டும் மாறிவிட்டது. செருப்பு இழுக்கிற சத்தத்தோடு ஊன்றுகோல் தட்டுகிற சத்தமும் சேர்ந்துகொண்டது.

அப்புறம் இரண்டு வருஷமும் சில மாதமும் இருந்தார். நீ சொன்னதில் ஆயுசு கூடிவிட்டது பார் என்பார். இன்னொரு தடவை சொன்னால் நூறு தாண்டிவிடுவேன் என்பார். குழம்பு ஊற்றும்போது கேட்பார், காலுக்கு மருந்து போடும்போது கேட்பார். வேறு வேலை இல்லையா என்பேன். கேட்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் கேட்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அது தீர்ந்துபோகும் என்று நினைக்கவில்லை.

அவர் போன பிறகு அவர் ஐசி வைக்கிற பையைத் திறந்தேன். அந்தப் போலீஸ் கடிதம் நாலாக மடித்து உள்ளே இருந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் விரல் நின்ற இடம் தெரியும். அது எந்த வரி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. இப்போது எந்தத் தாளில் அந்தப் பெயர் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

பாலத்தில் இப்போது யாரும் நிறுத்துவதில்லை. நினைத்த நேரம் போகலாம், வரலாம். எனக்குத்தான் அங்கே போக ஆளில்லை. இந்தத் தைப்பூசத்துக்கும் மலைக்குப் போனேன். முக்கால்வாசிப் படி ஏறினேன். கூட்டம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இனி எனக்குத் தடையில்லை, சொன்னால் குறைய ஆயுசும் இல்லை. வாயைத் திறந்தேன். முன்னால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழையபடி வேறு பெயரால்தான் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதத்தை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வருவேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அக்கரையைப் பார்ப்பேன். ஒரே ஒரு தடவை அவர் கேட்கட்டும். இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன்.